மறுமொழி சொல்லும் முகம்

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பேஸ்புக் தன் பதிவுகளுக்குக் கீழே தூக்கிய பெருவிரல் ஒன்றை வைத்தது. லைக் என்று பெயர். அதே மாதக் கடைசியில் கலிபோர்னியாவில் வட்ஸ்அப் ஒரு கொம்பனியாகப் பதிவானது. இறுதிப் போர் நடந்த அந்த மாதம் எங்கள் சனம் எங்கே நின்றது என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று இடம்பெயர்ந்த ஒழுங்கிலேயே சொல்வார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களை ஏற்றிய பஸ்கள் ஓமந்தை தாண்டி வவுனியாவில் மன்னார் வீதிக்குத் திரும்பி, நெளுக்குளத்தைக் கடந்துதான் மெனிக் பாம் முகாமுக்குப் போயின. அந்த வருடம் தறப்பாளுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு 2025இல் 16 வயது. சாதாரண தரம் எழுதும் வயது. லைக்குக்கும் அதே வயது.

இரண்டும் ஒன்றாக வளர்ந்தது தற்செயல். ஆனால் இன்று நெளுக்குளத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. இரவு ஏழு மணி. "தம்பி, சாப்பிட வா" என்று அம்மம்மா அடுப்படியில் இருந்து கூப்பிடுகிறார். சத்தமில்லை. இரண்டாம் முறை கூப்பிடுகிறார். மூன்றாம் முறையும் சத்தமில்லை. பிறகு தாய் வந்து போனைப் பறிக்கிறார், அல்லது தகப்பன் வந்து கையை ஓங்குகிறார். "இந்தப் போன் வந்துதான் பிள்ளையள் கெட்டது" என்பது பாடசாலைப் பெற்றார் கூட்டத்திலும் கோயில் வீதியிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு.

அந்தப் பேச்சில் உள்ள கவலை உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மம்மா கூப்பிட்டு மறுமொழி வராத அந்த விநாடியை மட்டும் பிடித்தால் கதையின் வால்தான் கைக்கு வரும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே பிள்ளை கூப்பிட்டபோது யார் மறுமொழி சொன்னார்கள் என்ற இடத்தில் இருந்துதான் கதை தொடங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரொனிக் 1970களில் செய்த ஒரு பரிசோதனை இன்றும் பார்க்கிறவர்களின் வயிற்றைப் பிசையும். தாய் தன் கைக்குழந்தையோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சில நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, மழலையில் கூப்பிடுகிறது, சத்தத்தைக் கூட்டுகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பி, உடல் சோர்ந்து, அழத் தொடங்குகிறது. பசியில்லை, நோவில்லை, தாய் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறாள். அவளுடைய மறுமொழி மட்டும் இல்லை.

மனிதக் குழந்தையின் மூளை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் கட்டப்படுகிறது. குழந்தை ஒரு ஒலியை எழுப்புகிறது, ஒரு முகம் அதற்கு அசைகிறது. அது மீண்டும் மீண்டும் நடக்க நடக்க நரம்புக் கலங்களுக்கு இடையிலான இணைப்புகள் உறுதியாகின்றன. சொல்லைப் படிப்பதும், அழுகையில் இருந்து மீள்வதும், மற்றவர் மனதை ஊகிப்பதும் அந்த இணைப்புகளின் மேல்தான் எழுகின்றன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சின்ன அளவில், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. ஜெசா ரீட், கதி ஹேர்ஷ்-பாசெக், ரொபேர்ட்டா கொலிங்கொவ் ஆகிய மூவரும் 38 தாய்மாரிடம் தங்கள் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு புதுச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லின் நடுவில் தாயின் போன் அடிக்கும். எடுத்துக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு சொற்களையும் பிள்ளைகள் கேட்ட தடவைகளில் வித்தியாசமில்லை. ஆனாலும் இடையில் அறுந்த சொல்லை அவர்கள் பிடிக்கவில்லை. அறாத சொல்லைப் பிடித்தார்கள்.

போன் பிள்ளையின் கைக்கு வருவதற்கு முன்பே பெரியவர்களின் கையில் இருந்தது என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

பருவ வயதில் மூளை இரண்டாம் முறை திருத்திக் கட்டப்படுகிறது. ஜே கீட் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஒரே பிள்ளைகளின் மூளையை வருடக்கணக்காக எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்து 1999இல் எழுதினார். மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் பெண் பிள்ளைகளுக்கு 11 வயதளவிலும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதளவிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது. குறைவது நோயால் அல்ல. பாவிக்கப்படாத இணைப்புகள் கழிகின்றன, பாவிக்கப்படுகிறவை கொழுப்புறை போர்த்து வேகமெடுக்கின்றன. குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஆழமாகும், ஓடாத வாய்க்கால் தூர்ந்து புல் மூடும்.

அந்த வேலை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஆசை, பரபரப்பு, வெகுமதி ஆகியவற்றோடு தொடர்புபட்ட ஆழ்மூளைப் பகுதிகள் பருவமடையும்போதே விழித்துக்கொள்கின்றன. பொறு, யோசி, நாளைக்கு என்ன ஆகும் என்று பார் என்று சொல்லும் நெற்றிப் பக்க மூளை முற்ற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. மழை கொட்டிக் குளம் தளும்புகிறது, துருசு இன்னும் கட்டி முடியவில்லை. அந்த நேரத்தில் கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும் என்று மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க்கும் 2005இல் ஒரு வாகன விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தனியே ஓட்டும்போது ஓரளவு நிதானமாக இருந்த பதின்ம வயதினர், கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆபத்தான முடிவுகளை அதிகம் எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இரவில் மன்னார் வீதியில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் பெடியனின் பின்னால் இருப்பவர் யார் என்று பார்த்தால் இது விளங்கும்.

இனி கூட்டாளிகள் பக்கத்தில் நிற்கவும் வேண்டியதில்லை. சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லோரன் ஷேர்மனும் குழுவினரும் 13 முதல் 18 வயது வரையான 32 பேரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து இன்ஸ்டகிராம் போன்ற ஒரு திரையைக் காட்டினார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு அது. படங்களில் சில அவர்கள் தாங்களே எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் கீழே லைக் எண்ணிக்கை இருந்தது. அந்த எண்ணிக்கையை இட்டவர்கள் ஆய்வாளர்கள்தான், பிள்ளைகளுக்கு அது தெரியாது. தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது வெகுமதியோடு தொடர்புபட்ட ஆழ்மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. இனிப்புச் சாப்பிட்டாலும் காசு கிடைத்தாலும் விழிக்கும் பகுதி அது. வேறொன்றும் நடந்தது. ஒரே படத்தைப் பாதிப் பேருக்கு நிறைய லைக்குடனும் மற்றப் பாதிப் பேருக்குக் குறைந்த லைக்குடனும் காட்டினார்கள். நிறையப் பேர் விரும்பியதாகத் தெரிந்த படத்தையே பிள்ளைகளும் விரும்பினார்கள். சிகரெட், மதுப் போத்தல் உள்ள படங்களைப் பார்த்தபோது மனதைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் வேலை குறைந்திருந்தது.

இதோடு நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் குரங்கின் டோபமைன் கலங்கள் துடிக்கும். எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் விழும்போது துடிப்பதில்லை. எதிர்பாராமல் விழுந்தால் துடிக்கும். டிக்டொக்கில் அடுத்தது என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்துக் காணொளி சப்பென்று போகும், பதினோராவது சிரிக்கவைக்கும். அந்தப் பதினோராவதுக்காகத்தான் விரல் நிற்காமல் தள்ளுகிறது. அப்படித் தள்ள வைப்பதற்காகவே அதைக் கட்டிய பொறியியலாளர்களோடு ஒரு 15 வயதுப் பிள்ளை தனியே மல்லுக்கட்டி வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இவ்வளவையும் கேட்டால் போனே எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஏமி ஓர்பனும் அன்ட்ரூ ப்ரிசிபில்ஸ்கியும் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை அலசி 2019இல் எழுதினார்கள்: பிள்ளைகளின் மனநலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் திரைப் பாவனையோடு சேர்ந்து வருவது அதிகபட்சம் 0.4 வீதம். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே சாக்கில் கொட்டிச் சராசரி எடுத்தால் வருவது அது. 2022இல் ஓர்பனின் குழு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறு கோலம் தெரிந்தது. பிரித்தானியப் பிள்ளைகளில், பெண்களுக்கு 11 முதல் 13 வரையிலும் ஆண்களுக்கு 14, 15இலும் சமூக ஊடகத்தில் கூடிய நேரம் இருந்தால் ஒரு வருடத்தின் பின் வாழ்க்கையில் திருப்தி குறைந்திருந்தது. இருபாலாருக்கும் 19இல் இன்னொரு முறை. மறுபக்கமும் உண்டு. இந்த வருடம் திருப்தி குறைந்த பிள்ளை அடுத்த வருடம் சமூக ஊடகத்தில் கூடிய நேரம் இருந்தது. வாடிய பிள்ளை அங்கே போகிறது, போன பிள்ளை இன்னும் வாடுகிறது.

பெண் பிள்ளைகளின் அந்த 11, 12, 13 வயது என்னை நிறுத்தி வைக்கிறது. அது எங்கள் ஊரில் பிள்ளை சாமத்தியப்படும் வயது. நேற்றுவரை ஒழுங்கையில் சைக்கிள் ஓடியவளுக்கு விளையாட்டு முடிகிறது. பொழுதுபட முன் வீட்டுக்குள் வர வேண்டும், பெடியளோடு கதைக்கக் கூடாது, ரியூசனுக்குத் தனியே போகக் கூடாது. தமையனுக்கு விளையாட்டு மைதானமும் குளக்கட்டும் திறந்தே கிடக்கின்றன. கூட்டாளிகளின் முகத்துக்காக மூளை மிகவும் ஏங்குகிற வயதில் அவளுக்கு எல்லா முகங்களும் சாத்தப்படுகின்றன. மிஞ்சும் யன்னல் போன் ஒன்றுதான். ஓர்பனின் ஆய்வு எங்கள் சாமத்தியச் சடங்கைப் பற்றியது அல்ல. இரண்டையும் சேர்த்து யோசிப்பது என் பொறுப்பு. ஆனால் அந்த யன்னலையும் சாத்தினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள், முன்பே சாத்திய கதவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டைப் பற்றி எங்கள் மண்ணிலேயே செய்த ஆய்வுகள் உண்டு. கிளவ்டியா கட்டானியும் குழுவினரும் இலங்கையின் வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பேசி 2008இல் வெளியிட்டார்கள். 82.4 வீதமானோர் போரின் கொடுமை ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்குள் நடந்த வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95.6 வீதம். போரைவிட வீடு பெரிய எண். தகப்பனின் குடியும் வீட்டு வன்முறையோடு சேர்ந்தே வந்தது. பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு நெருக்கடிக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. குண்டுக்குத் தப்பிய பிள்ளைக்கு அகப்பைக் காம்பில் இருந்து தப்ப முடியவில்லை என்று நான் இதை வாசிக்கிறேன்.

நம்பிக்கை தரும் ஆய்வும் இதே வழியில் வந்தவர்களிடம் இருந்துதான். சிறிஸ்கந்தராஜா, நொய்னர், கட்டானி ஆகியோர் போருக்குப் பின் வடக்கின் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2015இல் வந்தது. பெற்றாரின் அரவணைப்பு தங்களுக்குக் கிடைக்கிறது என்று உணர்ந்த பிள்ளைகளிடம், போரும் ஆழிப்பேரலையும் எவ்வளவு தாக்கியிருந்தாலும், பயம், துயரம், உள்ளே சுருங்கிப்போதல் ஆகியன அந்தத் தாக்கத்துக்கு ஏற்ப ஏறவில்லை. அரவணைப்புக் குறைவாக உணர்ந்த பிள்ளைகளிடம் ஏறின.

ஆனால் அந்தப் பெற்றார் யார்? 2009இல் சனத்தோடு சனமாக ஓடியவர்கள். சிலர் அப்போது தாங்களே பதின்ம வயதினர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வில், போர் தனி ஆட்களின் மனதோடு நிற்காமல் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே உடைத்ததைக் கூட்டு மனவடு என்று சொன்னார். அப்படி உடைந்த வீட்டில் தாய் கொடுமைக்காரி ஆகிவிடுவதில்லை. பலமுறை அவள் வெறுமனே பேசாமல் இருந்துவிடுகிறாள். காலையில் கூலி வேலைக்கோ கடைக்கோ போய்ப் பொழுதுபடத் திரும்பி, சமைத்து, சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். பிள்ளை ஏதோ சொல்கிறது. முகம் அசையவில்லை. ட்ரொனிக்கின் பரிசோதனையில் அது சில நிமிடத்தில் முடிந்தது. இங்கே வருடக்கணக்கில் நீள்கிறது. நான் இதைக் குற்றமாக எழுதவில்லை. அந்த முகம் ஏன் கல்லானது என்று இந்த ஊருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது போன் படிப்பின் பெயரால் வந்தது. ஆசிரியர் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார். தோட்டை அடைவு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். பாடசாலை திறந்தது, போன் திரும்பிப் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போன தாய்க்கும் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் இந்தப் பிள்ளையோடு இருக்கும் ஒரே வீடு அந்தத் திரைதான். குவைத்தில் இருந்து இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் வந்து "சாப்பிட்டியா அம்மாச்சி" என்று கேட்கும் முகம் மறுமொழி சொல்லும் முகம். அதைத் திரைநேரம் என்று கணக்கில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. 2025 டிசம்பரில் அவுஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு போனைத் தாயும் மூன்று பிள்ளைகளும் பங்குபோடும் வீட்டில், சிம் அம்மம்மாவின் அடையாள அட்டையில் இருக்கும்போது, அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும்?

போனை அடித்து உடைப்பதை நான் எதிர்க்கிறேன். காசுக்காக அல்ல. ஒரு பெண் பிள்ளையின் படத்தை எடுத்து மாற்றி, ஊரெல்லாம் அனுப்புவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மிரட்டலிலேயே அவள் வீட்டில் சொன்னால் அவன் அங்கேயே நிறுத்தப்படலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. ஆனால் சொன்னால் முதலில் விழப்போவது தனக்கு அடி, அடுத்தது படிப்பு நிற்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் வாயே திறக்க மாட்டாள். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். அவனுடைய பலமே அவளுடைய வீட்டின் கோபம்தான்.

நித்திரையைப் பற்றி ஒரு சொல். பருவ வயதில் நித்திரை வரவைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் பிந்துகிறது. மேரி கார்ஸ்கடன் பல வருடங்களாக ஆராய்ந்த விடயம் இது. பிள்ளை பத்தரை, பதினொன்று வரை விழித்திருப்பது சோம்பலோ திமிரோ அல்ல. வெளிச்சத்திரை அதை இன்னும் பிந்தவைக்கும். விடியப்புறம் வைரவபுளியங்குளத்தில் ரியூசன், பிறகு பாடசாலை, பின்னேரம் மறுபடி ரியூசன். 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை தேவைப்படும் உடலுக்கு ஆறுகூடக் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கில் போனும் கள்ளன், நாங்கள் போட்ட நேரசூசியும் கள்ளன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் பாயைப் போட்டு எல்லோரும் இருந்தோம். போன்களில் சார்ஜ் முடிந்திருந்தது. நுளம்புக்கு வேப்பிலைப் புகை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் சலிப்பில் தாயிடம் கேட்டான்: "அம்மா, நான் பிறந்தது எந்த ஆஸ்பத்திரி?" முன்பு பல தடவை கேட்டு, "போடா, போய்ப் படி" என்ற மறுமொழி வாங்கிய கேள்வி அது. இருட்டில் தாயின் முகம் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ அவர் சொல்லத் தொடங்கினார். முகாமை, தண்ணீருக்கு நின்ற வரிசையை, மழைக்கு ஒழுகிய தறப்பாளை, அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு மாத்தளனில் இருந்து நடந்த நடையை. நடுவில் நிறுத்தினார். நாங்கள் பெரியவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெடியன்தான் பாயில் ஊர்ந்து கிட்டப் போய், "பிறகு?" என்றான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிறகு நடந்ததைச் சொன்னார்.